சதுப்பு தெரியும் வீடு

ஓவிய வகுப்பில் இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் எங்கள் வகுப்பு மொத்தமும் ஒரே படத்தைத்தான் வரையும். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிடுக்கிலிருந்து நெளிந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, அதன்மேல் சாய்ந்த ஒரு தென்னை, மிச்சமிருக்கும் வானத்தில் நாலைந்து பறவை. எழுபதுகளின் வேளச்சேரியில் படித்த பிள்ளைகள் நாங்கள். எங்களுக்குத் தெரிந்த மலை பரங்கிமலை. அதிலிருந்து எந்த ஆறும் இறங்கியதில்லை. பள்ளியை விட்டுத் தெற்கே நடந்தால், வயல் முடிகிற இடத்தில் கோரையும் சம்பும் தண்ணீருமாக அடிவானம் வரைக்கும் ஒரு வெளி கிடந்தது. கார்த்திகை, மார்கழியில் அங்கே பறவைகள் எழும்பி இறங்கும் இரைச்சல் ஊர் வரைக்கும் கேட்கும். அதை ஒருத்தியும் வரைந்ததில்லை. வரைந்திருந்தால் டிராயிங் மாஸ்டர், "இதென்னடி, நோட்டு முழுக்கப் பச்சையைப் பூசி வெச்சிருக்கே?" என்று கேட்டு, மலையைப் போடச் சொல்லியிருப்பார்.

என் பேத்தி படித்தவள், நான் அப்படிச் சொல்லக்கூடாது, படித்துக்கொண்டிருப்பவள். மே 22 உலகப் பல்லுயிர் நாள் என்று எங்கள் குடியிருப்பின் கோடை முகாமில் ஓவியப் போட்டி வைத்தார்கள். அவள் வரைந்தது: பூமி உருண்டையின் வாயில் ஒரு தெர்மாமீட்டர். அதன் தலையில் ஒரு பனிக்கரடி. கரடியின் கன்னத்தில் கண்ணீர். முதல் பரிசு. மேஜையைப் பால்கனிப் பக்கம் இழுத்துப் போட்டு, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைப் பார்த்தபடிதான் வரைந்தாள். பதினோராம் மாடி, மறைக்க ஒன்றும் இல்லை.

"இதை வரைஞ்சிருக்கலாமேடி கண்ணு?"

"அதுல என்ன பாட்டி இருக்கு? வெறும் புல்லு."

ஐம்பது வருஷத்தில் பள்ளிக்கூடம் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. மலைக்குப் பதில் கரடி வந்திருக்கிறது.

அந்த வெறும் புல்லை நாங்கள் கழுவெளி என்போம். அன்றைய அரசாங்கக் கணக்கில் அது எதற்கும் உதவாத நிலம். எங்கள் வீட்டுக் கணக்கிலும் அப்படித்தான். அத்தைக்கு அந்தத் திசையே ஆகாது. பொழுது சாய்ந்தபிறகு தெற்குப் பக்கம் போனால் கண்ணாடி விரியன் காத்திருக்கும் என்பாள். கொசு அங்கிருந்து வருகிறது, ஜுரம் அங்கிருந்து வருகிறது, பிள்ளைகள் கெட்டுப்போவதும் அங்கேதான். ஊரில் பறவைகளை இரண்டே வகையாகப் பிரித்திருந்தார்கள்: குழம்புக்கு ஆகிறது, ஆகாதது. மடையானும் நாமக்கோழியும் காலைக் கட்டி, தலைகீழாகச் சந்தைக்கு வரும். பூநாரை வந்தால் 'கால் நீளம், கறி கிடையாது' என்று அதைப் பேசாமல் விட்டுவிடுவார்கள். அந்தக் காலத்தில் பூநாரைக்கு இருந்த ஒரே பாதுகாப்புச் சட்டம் அதுதான் என்று எனக்குத் தோன்றும். 1972-ல் தில்லியில் வனவிலங்குச் சட்டம் வந்துவிட்டது. வேளச்சேரிச் சந்தைக்கு அது வந்து சேரப் பல வருஷம் ஆனது.

ஆனால் அந்த வெளிக்குள் காலை வைக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டு மாட்டுக்குப் புல் கொண்டுவரும் ஆயா ஒருத்தி. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அறுத்துவிட்டு, ஈரம் சொட்டும் கட்டோடு வருவாள். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே அன்றைய செய்தி வாசிப்பாள்: மடுவுப் பக்கம் தண்ணீர் கறுத்துவிட்டது, கெளுத்தி மேலே வந்து வாயைத் திறக்கிறது, நீளவால் கோழி இலைமேல் முட்டை வைத்திருக்கிறது, அந்தப் பக்கம் பத்து நாளைக்கு அறுக்கமாட்டேன். ஏன் அறுக்கமாட்டாய் என்று நான் கேட்டேன். "முட்டை இருக்குதுன்னு சொல்றேனே" என்றாள். அதற்குமேல் விளக்கம் கிடைக்கவில்லை. அவளைச் சூழலியலாளர் என்று இன்றைக்கு எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அதே ஆயா பாம்பைக் கண்டால் அரிவாளால் ஒரே வெட்டு வெட்டுகிறவள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும்.

எங்களில் யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. தாம்பரம் தொடங்கி இந்தப் பக்கம் வரை சுமார் 250 சதுர கிலோமீட்டரில் பெய்கிற மழை, முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளில் ஒன்றுக்குப்பின் ஒன்றாக நிரம்பி, கடைசியில் வந்து விழும் இடம் எங்கள் கழுவெளி. அங்கே பரவி, ஆறப்போட்டு, ஒக்கியம் மடு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைப் பிடித்து, கோவளத்தில் கடலுக்குள் போகும். ஊரே அதன் ஓரத்தில் குடியிருந்தும் இது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. தண்ணீர் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

எண்பதுகளில் அப்பா மனை வாங்கினார். தண்ணீர் தேங்குகிற இடம் என்பதால் விலை மலிவு. விற்றவர் வெளிப்படையானவர். "மழைக்காலத்துல கொஞ்சம் ஈரம் இருக்கும் சார், ரெண்டு லோடு ரப்பிஸ் அடிச்சா மேடாயிடும்" என்றார். ரெண்டு லோடு இருபது லோடு ஆயிற்று. எங்கள் மனை மேடானதும் பக்கத்து மனை பள்ளமானது. அவரும் லாரியைக் கூப்பிட்டார். தெருவே இப்படி ஒருவரையொருவர் பார்த்து உயர்ந்தது. அதே காலத்தில் பெருங்குடிப் பக்கம் மாநகரத்தின் குப்பை வந்து இறங்கத் தொடங்கியது. பிறகு ஆராய்ச்சி நிறுவனங்கள் வந்தன, கல்லூரிகள் வந்தன. சதுப்பின் நடுவே கிழக்கு மேற்காக ரேடியல் சாலை வந்தது, 2007-ல் பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு வந்தது, கணினிக் கம்பெனிகள் பழைய மாமல்லபுரம் சாலையை நிறைத்தன. ஒவ்வொன்று வரும்போதும் ஊர் சந்தோஷப்பட்டது. நானும்தான். பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றவர்களுக்கு அந்தச் சந்தோஷம் புரியும்.

1965 வாக்கில் இந்தச் சதுப்பு சுமார் 5,500 ஹெக்டேர் இருந்ததாகவும், 2013 வாக்கில் 600 ஹெக்டேர் அளவுக்கு வந்துவிட்டதாகவும் இப்போது அடிக்கடி எழுதுகிறார்கள். பத்தில் ஒன்பது பங்கு போயிருக்கிறது. இவ்வளவு பெரிய பொருள் தொலைந்தால் வீட்டில் யாராவது ஒருவர் 'ஐயோ' என்றிருக்க வேண்டுமே? அப்படி ஒரு சாயங்காலம் எனக்கு நினைவில் இல்லை. ஒரு வருஷம் நாமக்கோழி சந்தைக்கு வரவில்லை, பிராய்லர் கோழி வந்தது. ஒரு வருஷம் ஆயா வரவில்லை, ஆவின் பால் பாக்கெட் வந்தது. எதுவும் போகவில்லை, எல்லாவற்றுக்கும் பதிலாக ஒன்று வந்துகொண்டே இருந்தது.

டேனியல் பாலி என்ற மீன்வள அறிவியலாளர் 1995-ல் இதைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஒவ்வொரு தலைமுறை மீன்வள ஆய்வாளரும் தான் வேலைக்குச் சேர்ந்த நாளில் கடலில் இருந்த மீனையே முழு அளவு என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று கணக்குப் பார்க்கிறார். அதற்கு முன்னால் போனது கணக்கிலேயே வருவதில்லை என்பது அவர் வாதம். மீனைப் பற்றிச் சொன்னதை என் மருமகள் தினமும் நிரூபிக்கிறாள். கல்யாணமாகி 2008-ல் இங்கே வந்தவள். "நான் வந்தப்போ எவ்வளவு தண்ணி இருந்துச்சு தெரியுமா, எவ்வளவு பறவை!" என்று குழந்தையிடம் பெருமூச்சு விடுவாள். 2008-ல் குப்பை மேடு மலையாகி, புகை எங்கள் துணிக்கொடி வரைக்கும் வந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது பொற்காலம். எனக்கு 1975 பொற்காலம். ஆயாவைக் கேட்டிருந்தால் அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே எல்லாம் போய்விட்டது என்றிருப்பாள்.

பழைய வீட்டை ஒரு புரமோட்டரிடம் கொடுத்துவிட்டு மகன் இந்தப் பதினோராம் மாடியை வாங்கினான். விளம்பரத்தில் பூநாரைப் படம் போட்டிருந்தார்கள். கிழக்குப் பார்த்த வீட்டுக்குச் சதுர அடிக்குத் தனி விலை. சதுப்பு தெரியும் வீடாம். அப்பா காலத்தில் சதுப்பு தெரிந்தால் விலையைக் குறைப்பார்கள். இப்போது அதற்குப் பணம் வாங்குகிறார்கள். நிலம் குறையக் குறையப் பார்வைக்கு விலை ஏறியிருக்கிறது.

அன்பும் ஏறியிருக்கிறது, பொய் சொல்லக்கூடாது. 2015 டிசம்பரில் வேளச்சேரியில் படகு ஓடிய பிறகு, நான் பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றித் தொலைக்காட்சியில் நிபுணர்கள் பேசினார்கள். சதுப்பு நிலம் ஒரு ஸ்பாஞ்ச் என்று ஒருவர் மேஜைமேல் பாத்திரம் தேய்க்கும் பஞ்சை வைத்துத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். அன்றிலிருந்து எங்கள் பகுதியில் சதுப்பைத் திட்டுபவர் யாரும் இல்லை. இதற்கு முன்பே, 2007-ல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்திருந்தார்கள். அதற்குப் பின்னால் சில அறிவியலாளர்களும் ஊர்க்காரர்களும் வருஷக்கணக்காக நடந்த நடை இருக்கிறது. குப்பை லாரி வருகிற நேரத்தில் ரோட்டில் நின்று மறித்த குடியிருப்போர் சங்கத்துக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அவர்களை வேலையற்றவர்கள் என்றோம். 2022-ல் பள்ளிக்கரணை ராம்சார் தலம் ஆனது: 1,247 ஹெக்டேர், சர்வதேச முக்கியத்துவம். ராம்சார் ஈரானில் காஸ்பியன் கடலோரம் இருக்கிற ஊர். 1971 பிப்ரவரி 2-ல் அங்கேதான் ஈரநிலங்களுக்கான உடன்படிக்கை ஏற்கப்பட்டது. எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர் 'ராமசார்' என்று எழுதி, இராமாயணத் தொடர்பு உண்டா என்று கேட்டிருந்தார். யாரோ உண்டு என்று பதிலும் போட்டார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பறவை பார்க்கும் நடை. தலைமை எங்கள் சங்கச் செயலாளர்; வங்கியில் ஓய்வு பெற்றவர், கழுத்தில் பைனாகுலர், காலில் ஷூ. எல்லோரும் கிசுகிசுப்பாகப் பேச வேண்டும். பின்னால் ரேடியல் சாலையில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போகும். நாங்கள் கிசுகிசுப்போம். பொங்கலையொட்டித் தமிழ்நாடு முழுக்க 2015 முதல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. எங்கள் குடியிருப்பும் அதில் சேர்ந்திருக்கிறது. பதினைந்து நிமிஷமாவது ஓரிடத்தில் நின்று, கண்ணில் பட்டதை எல்லாம் எண்ணி, இ-பேர்டு செயலியில் ஏற்ற வேண்டும். முக்குளிப்பான், நீலத்தாழைக்கோழி, நெடுங்கால் உள்ளான், புள்ளிமூக்கு வாத்து என்று எட்டு வயசுப் பிள்ளைகள் பெயர் சொல்கிறார்கள். எங்கள் காலத்தில் ஒரு டஜன் பறவையை 'கொக்கு' என்று ஒரே பெயரில் முடித்துவிடுவோம். கிண்டலை ஒதுக்கி வைத்துச் சொன்னால், இந்த எண்ணிக்கை வீண்போவதில்லை. இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2023-ஆம் வருஷ அறிக்கை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மனிதர்கள் ஏற்றிய சுமார் 3 கோடிப் பதிவுகளை வைத்துத்தான் 942 இனங்களை அலசியது. அவற்றில் 178 இனங்கள் உடனடிக் கவனம் தேவைப்படுகிறவை. இரைகொல்லிப் பறவைகள், வலசை வரும் கரைப்பறவைகள், வாத்துகள், திறந்தவெளிப் பறவைகள் எல்லாம் சரிந்திருக்கின்றன. மயில் பெருகியிருக்கிறது. புறாவைப் பற்றி அறிக்கை தேவையில்லை; எங்கள் ஏசி பெட்டி மேலேயே ஆதாரம் இருக்கிறது.

ஆனால் அறிக்கை ஒரு பக்கம், ஜனங்களின் துக்கம் ஒரு பக்கம். எங்கள் குடியிருப்பில் துக்கம் முழுவதும் சிட்டுக்குருவிக்கு. செல்போன் டவர்தான் கொன்றது என்பதில் இரண்டாம் பேச்சு இல்லை. 2018-ல் 2.0 படம் வந்தபிறகு அதை மறுப்பவன் பறவைத் துரோகி. 2020-ல் வந்த முந்தைய அறிக்கை, நாடு முழுக்க எடுத்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெரிய நகரங்களில் மட்டும் குறைந்திருக்கிறது என்றது. டவர்மீது பழி போட வலுவான சான்று இல்லை என்றும் சொன்னது. இதை நான் குழுவில் போட்டேன். 'கம்பெனிக்காரன் காசு கொடுத்து எழுதச் சொல்லியிருப்பான்' என்று பதில் வந்தது, அதுவும் செல்போனிலிருந்துதான். ஓட்டு வீட்டின் இடுக்கும், முற்றத்தில் புடைத்த நொய்யும், தோட்டத்துப் புழுவும் போனதைப் பற்றி யாருக்கும் கோபம் வருவதில்லை. அவற்றை எடுத்தது நாம். டவரை வைத்தது வேறு யாரோ.

சீமைக் கருவேலத்துக்கும் இதே கதை. ஊரையே பிடித்துக்கொண்ட அந்த மரத்தை அமெரிக்காக்காரன் சதி செய்து விதைத்தான் என்பது ஒரு கட்சி, காமராசர் காலத்தில் ஹெலிகாப்டரில் தூவினார்கள் என்பது இன்னொரு கட்சி. அது 1870-களிலேயே சென்னை மாகாணத்துக்கு வந்துவிட்டது, வறண்ட மண்ணைப் பசுமையாக்கவும் விறகுக்கும் என்று நல்ல எண்ணத்தோடுதான் கொண்டுவந்தார்கள் என்றால் ஏமாற்றமாகப் பார்க்கிறார்கள். நல்ல எண்ணத்தால் வந்த கேடு என்றால் திட்டுவதற்கு ஆள் கிடைப்பதில்லை.

நல்ல எண்ணம் என்றதும் மரம் நடு விழாவுக்கு வந்துவிடலாம். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். சதுப்பின் வேலிக்கு வெளியே 'காப்புக்காடு' என்று பலகை வைத்திருக்கிறதா, அதைப் படித்த நாளிலிருந்து எங்கள் சங்கத்துக்கு ஒரே உறுத்தல்: காடு என்கிறார்கள், ஒரு மரத்தைக் காணோமே? ஆளுக்கு ஐநூறு ரூபாய் போட்டு வேம்பு, புங்கன், பூவரசு, கூடவே பார்க்க அழகாக இருக்கும் என்று சில கொன்றையும் வாங்கினோம். ஒரே பச்சை நிறத்தில் டி-ஷர்ட், ஃபிளெக்ஸ் பேனர், ஆளுக்கொரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். பேனரைக் கட்டத்தான் நேரமாயிற்று. அதைக் கட்ட அங்கே மரம் இல்லை.

வனத்துறைக் காவலர் ஒருவர் சைக்கிளில் வந்தார். எங்கோ ஒரு கிராமத்துக்காரர், பொறுமையானவர். செயலாளர் கையிலிருந்த மண்வெட்டியை மரியாதையாக வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"இங்க மரம் வேணாம் சார்."

"ஏம்பா? மரம் வெச்சாத்தானே பறவை வரும்?"

"இது வேற பறவை சார். தண்ணியில நிக்கிறது. நாலாபக்கமும் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் இறங்கும். மரம் வெச்சீங்கன்னா அதுல பருந்தும் காக்காயும் வந்து குந்தும். குஞ்சு தப்பாது."

"அப்ப நாங்க என்னதான் செய்றது?"

காவலர் யோசித்தார். "உங்க பில்டிங் தண்ணி எங்க சார் போவுது?"

பேச்சு அதோடு முடிந்தது. மரக்கன்றுகளைத் திரும்ப எடுத்துவந்து, கார் நிறுத்தும் இடத்துக்கு ஓரமாக நட்டோம். படம் எடுக்கும்போது மட்டும் சதுப்பு பின்னால் தெரிகிற மாதிரி நின்றோம். அந்தப் படத்துக்கு அந்த வருஷம் குழுவில் கிடைத்த இதயங்களை வேறு எதற்கும் பார்க்கவில்லை. காவலர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை குழுவில் பதில் இல்லை.

சதுப்புக்குத் தேவையானது எதுவும் படம் எடுக்க வாகாக இல்லை என்பதுதான் சிக்கல். அதற்கு வேண்டியது கழிவு கலக்காத தண்ணீர், மேலே இருக்கிற ஏரிகளிலிருந்து அந்தத் தண்ணீர் வந்து சேர அடைபடாத வாய்க்கால், வெளியே போக ஒக்கியம் மடுவில் விரிந்த வாய், சில இடத்தில் ஆழம், பல இடத்தில் கணுக்காலளவு மட்டும் தண்ணீர், ஆகாயத்தாமரையை அள்ள ஆள், பிறகு சேறு. சேற்றைச் சேறாகவே விட்டுவைக்கும் மனசு. பெருங்குடியில் பழைய குப்பையைக் கிளறிப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலை தொடங்கியது. 2022 ஏப்ரலில் அந்த மேட்டில் தீப்பிடித்து எரிந்தபோது ஊரே இருமியது. பல ஆண்டுக் கணக்கில் போட்டதை யந்திரம் வைத்துச் சலித்தார்கள். அதை வேடிக்கை பார்க்க எங்கள் ஞாயிறு நடை ஒருநாளும் போனதில்லை. வாடை.

பூநாரை வந்தால் ரேடியல் சாலையில் கார்கள் ஓரங்கட்டும். கண்ணாடி விரியன் வந்தால் தீயணைப்புத் துறைக்குப் போன். இரண்டும் ஒரே சதுப்பிலிருந்துதான் வருகின்றன. ஒன்று சொல்லிவிட்டு வருகிறது, இன்னொன்று கீழ்த்தளக் கார் நிறுத்தத்தில் வந்து படுக்கிறது. தவளை கத்துவதால் தூக்கம் வரவில்லை என்று ஒரு புகார் வந்தது. கொசுவுக்குப் புகை அடியுங்கள் என்று வாராவாரம் வருகிறது. போன ஐப்பசியில் தட்டாரப்பூச்சியையே காணவில்லையே, சின்ன வயசில் எவ்வளவு பிடிப்போம் என்று ஒருவர் கவிதை எழுதியிருந்தார். புகைக்கு மனுப்போட்டவரும் அவரேதான்.

பல்லுயிர்ச் சட்டம் ஒன்று 2002-லிருந்து இருக்கிறது. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஊர்க்காரர்கள் குழு அமைத்து, அங்கே என்னென்ன உயிர் உண்டு, யார் எதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று மக்களிடம் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். பதினேழு வருஷம் பெரும்பாலான ஊர்களில் இந்தப் பேச்சே இல்லை. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதன்பிறகு நாடு முழுக்கப் பதிவேடுகள் லட்சக்கணக்கில் பிறந்தன. நல்ல யோசனை, தாமதமான யோசனை. எங்கள் திண்ணையில் வெற்றிலை போட்ட ஆயா பக்கம் பக்கமாகச் சொல்லியிருப்பாள்: எந்தக் கோரை பாய்க்கு, எந்தக் கோரை மாட்டுக்கு, விரால் எந்த மாசம் குஞ்சோடு சுற்றும். அவள் இருந்தபோது எழுத நோட்டு இல்லை. நோட்டு வந்தபோது சதுப்புக்குள் இறங்கத் தெரிந்தவர்கள் வேலிக்கு வெளியே, எங்கள் மாதிரிக் குடியிருப்புகளில் வீட்டுவேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணின் மாமியார் பெரும்பாக்கத்துப் பக்கம் மீன் பிடித்தவர். பறவை நடைக்கு அவரை யாரும் கூப்பிட்டதில்லை. நானே ஒருநாள் கூப்பிட்டேன். "அதுல போய் என்னத்தம்மா பாக்குறது, டெய்லி அதைப் பாத்துதானே சீக்கு வந்துச்சு" என்று கடந்து போய்விட்டார்.

2025-ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணை ஒன்று வந்தது. ராம்சார் எல்லையைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு, ஆய்வு முடிந்து பாதிப்பு மண்டலம் எதுவரை என்று வரையறுக்கும் வரையில், புதிய கட்டடங்களுக்கு அனுமதி தரக்கூடாது. அன்றைக்குக் குழுவில் பறவைப் படம் ஒன்றுகூட வரவில்லை. சாயங்காலம் அவசரக் கூட்டம்.

"ஒரு கிலோமீட்டர்னா எங்கேருந்து அளப்பாங்க? தண்ணியிலேருந்தா, வேலியிலேருந்தா?" என்றார் ஒருவர்.

"ரோடு வழியா அளந்தா நமக்கு ஒண்ணரை வருது" என்றார் இன்னொருவர். அவர் அதற்குள் காரை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டு வந்திருந்தார்.

"ஏற்கெனவே கட்டினதுக்கு ஒண்ணும் பண்ணமாட்டாங்களே?"

பெரும்பாக்கத்தில் மனை வாங்கிப் போட்டிருந்தவர் மூலையில் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் பார்க்கவில்லை. கடன் வாங்கி ஓட்டு வீட்டை இடித்துக் கட்டத் தொடங்கியவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர். பெரிய கோபுரங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே தடை. இதைச் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் செயலாளர் எழுந்து, நாம் இதை நேர்மறையாகப் பார்க்க வேண்டும் என்றார். எதிரே வருவதாக இருந்த பதினெட்டு மாடிக் கட்டடம் இப்போதைக்கு வராது. வந்திருந்தால் கிழக்கு வீடுகள் எதிலிருந்தும் சதுப்பு தெரிந்திருக்காது. அறையில் ஒரு தெளிவு பரவியது. இயற்கையைக் காப்பாற்றத்தான் வேண்டும் என்று பலரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

தீர்மானங்களை மறுநாள் குழுவில் போட்டார்கள். ஒன்று, தீர்ப்பாயத்தின் ஆணையை எங்கள் குடியிருப்பு மனமார வரவேற்கிறது. இரண்டு, வளாகத்தின் பின்புறம் கட்டத் திட்டமிட்டிருக்கும் கிளப் ஹவுஸ் இயற்கையோடு இயைந்த முறையில், மேல்மாடியில் பறவை பார்க்கும் மேடையோடு அமையவிருப்பதால் அதற்கு மட்டும் விலக்குக் கேட்டு மனுக்கொடுக்கப்படும். இரண்டும் ஒருமனதாக நிறைவேறியதாக எழுதி, முன்மொழிந்தவர் இடத்தில், இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர் என்ற அடைமொழியோடு என் பெயரைப் போட்டிருந்தார்கள்.